‘இதோ இருக்கேன்!’ என்ற களிமண் பொம்மை

ஒரு வாத்து மம்மியாக மாறப் பார்த்த கதை இது. வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே இல்லை! முதலில் நைல் ஆற்றில் தண்ணீர் ஏற வேண்டும். அப்புறம் ஒரு பொம்மை பேச வேண்டும். அதற்கும் முன்னால் மண் சுமக்கிற வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. சிரிப்பை அதுவரை வாய்க்குள்ளேயே வைத்திருங்கள்.

பழைய எகிப்து தேசம். நைல் ஆற்றங்கரையில் ஒரு நாணல் காடு. அங்கே நெபு என்ற ஆண் வாத்தும் அவன் மனைவி தெபாவும் கூடு கட்டியிருந்தார்கள். கூட்டில் ஆறு முட்டைகள். பொரிய இன்னும் பத்தே நாள்.

வருஷா வருஷம் அந்தப் பருவத்தில் நைல் பொங்கும். கூடும் வளையும் முங்காமல் இருக்க, எல்லாப் பிராணிகளும் சேர்ந்து காட்டைச் சுற்றி மண்கரை போடும். வீட்டுக்கு ஓர் ஆள். வீட்டுக்கு ஒரு துண்டுக் கரை. இதற்கு மேஸ்திரி ஹாபு என்ற ஆமை. கண் கொஞ்சம் மங்கல். தொண்டை மட்டும் கணீர். தினமும் காலையில் கழுத்தை நீட்டி ஆஜர் எடுப்பார்.

"முயல் வீடு?"

"வந்தாச்சு!"

"கொக்கு வீடு?"

"வந்தாச்சு!"

"வாத்து வீடு? வாத்து வீடூ?"

நாணலுக்குள் பதுங்கியிருந்த நெபுவுக்குப் பற்றிக்கொண்டு வரும். சே! விடிந்தால் இதே தொல்லை! இவ்வளவு அழகான இறக்கையை வைத்துக்கொண்டு நான் மண் சுமப்பதா?

நாணல் காட்டுக்குப் பின்னால் மனிதர்களின் கொட்டகை ஒன்று இருந்தது. செத்தவர்களின் உடல் கெடாதபடி உப்பில் உலர்த்தி, துணி சுற்றி மம்மியாக்கும் இடம். ரொட்டித் துணுக்குப் பொறுக்க நெபு அங்கே போவான். அன்று யாரோ ஒரு பெரிய மனிதரின் உடலை உப்புக் குவியலில் புதைத்து வைத்திருந்தார்கள். கொக்கி போட்டு மூளையை மூக்கு வழியாகவே இழுத்து எறிந்துவிட்டார்கள். இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டிருந்தார்கள்.

வேலையாட்கள் இரண்டு பேர் துணி கிழித்தபடி பேசிக்கொண்டார்கள்.

"இதயத்தை மட்டும் ஏன் விட்டு வெக்கிறோம்?"

"அந்த உலகத்துல அதை ஒரு இறகோட வெச்சு எடை போடுவாங்க. இறகைவிடக் கனமா இருந்துச்சு, ஆளு தொலைஞ்சான்!"

"கூடவே வெச்சுப் புதைக்கிற இந்தக் களிமண் பொம்மையெல்லாம் எதுக்கு?"

"அந்த உலகத்துலயும் வயல் இருக்கு, வாய்க்கால் இருக்கு, மண்ணு சுமக்கிற வேலை இருக்குப்பா. எஜமான் பேரைக் கூப்பிட்டா, அவருக்குப் பதிலா பொம்மை ‘இதோ இருக்கேன்’னு எழுந்து போயிடும்!"

நெபுவின் கழுத்து விறைத்து நின்றது. மண் சுமக்கிற பொம்மையா? ஆஹா!

சூளையில் வைக்க மறந்துபோன பொம்மை ஒன்று குப்பையில் கிடந்தது. சுடாத பச்சைக் களிமண். நெபு அதைக் கவ்விக்கொண்டு ஓடினான். தன் துண்டுக் கரை வர வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், ஓர் அத்தி மரத்தடி மேட்டில், நட்டு வைத்தான். "என் வீட்டைக் கூப்பிட்டா ‘இதோ இருக்கேன்’னு எழுந்து போய் மண்ணு சுமக்கணும், தெரியுதா?" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த அத்தி மரத்தில்தான் ஷெரி என்ற குரங்கு இருந்தாள். யார் குரலானாலும் அப்படியே சொல்லிக் காட்டுவாள். அவள் ஆமை போல இருமினால், இருமியது தானா அவளா என்று ஆமைக்கே சந்தேகம் வந்துவிடும்.

மறுநாள் காலை.

"வாத்து வீடு?"

"இதோ இருக்கேன்!"

மரத்தின் மேலிருந்து ஷெரிதான் சொன்னாள். வறண்ட, கரகரத்த, களிமண் குரல். மேஸ்திரி தலையாட்டிவிட்டு அடுத்த பேருக்குப் போனார். நெபு சிறகுக்குள் தலையைச் செருகிக்கொண்டு மத்தியானம்வரை தூங்கினான். எழுந்து வந்து பார்த்தால், கரையும் இல்லை, மண்ணும் இல்லை. பொம்மை வைத்த இடத்திலேயே நின்றது.

"ஏய்! ஒரு பிடி மண்ணுகூடப் போடலியே!"

"இதோ இருக்கேன்!"

"அதான் தெரியுதே! எழுந்து போ!"

"இதோ இருக்கேன்!"

"இருந்தாப் போதுமா? வேலை செய்ய வேண்டாமா?"

"இதோ..."

"சொல்லாதே!"

"...இருக்கேன்!"

நெபு நாணல் தண்டில் நாலு தடவை முட்டிக்கொண்டான்.

மூன்று நாள் இப்படியே போனது. தெபாவால் முட்டையை விட்டு எழுந்திருக்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"என்னங்க! எல்லார் துண்டும் கொக்கு உசரம் வந்தாச்சு. நம்மது மட்டும் மொட்டையா கிடக்கு!"

"ஆள் வெச்சிருக்கேன்!"

"ஆளா? அது களிமண்ணுங்க!"

"உனக்கு மறு உலக விஷயமெல்லாம் புரியாது!"

"எனக்குத் தண்ணி விஷயம் புரியுது. அது ஏறுது!"

நான்காம் நாள் நைல் செந்நிறமாகப் புரண்டு வந்தது. நெபு பொம்மையைப் பிடித்து உலுக்கினான்.

"கடைசியா கேக்கறேன்! ஏன் வேலை செய்ய மாட்டேங்கறே?"

ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லி ஷெரிக்கும் அலுத்துவிட்டது. புதிதாக ஒன்று சொன்னாள்.

"நான் செத்தவங்களுக்குத்தான் வேலை செய்வேன். நீங்கதான் இன்னும் சாகவே இல்லையே, எஜமான்!"

"இதை முதல் நாளே சொல்லித் தொலைக்கக் கூடாதா!" என்று நெபு குதித்தான். பிறகு அவன் குரல் இறங்கியது. "சாகணுமா?"

"முழுசா வேண்டாம். மம்மி ஆனாப் போதும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"எழுபது."

"எழுபதா! அதுக்குள்ள என் பிள்ளைங்க பொரிஞ்சு, பறந்தே போயிடுவாங்களே!"

"சரி, வாத்துன்னா எழுபது மூச்சு."

"மூளையை மூக்கு வழியா எடுக்கணுமா?"

பொம்மை கொஞ்சம் யோசித்தது. "உங்களுக்கு அந்தச் சிரமம் இல்ல, எஜமான். எடுக்க ஒண்ணும் இல்ல."

"அப்பாடா!" என்றான் நெபு, நிஜமான நிம்மதியோடு. "எடை போட இறகு வேணுமே?"

"இறகுக்கா பஞ்சம்? நீங்களே சொல்லுங்க!"

"அட, ஆமா! என் உடம்பே இறகுதானே!"

"அப்ப ஆரம்பிங்க. செத்தவங்க பேசக் கூடாது. திரும்பக் கூடாது. தும்மவும் கூடாது!"

கொட்டகைக்குப் பின்னால் கொட்டியிருந்த உப்பில் நெபு உருண்டான். கிழிந்த துணிப் பட்டைகளைக் கழுத்திலிருந்து வால்வரை சுற்றிக்கொண்டான். பொம்மைக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து மூச்சை எண்ணத் தொடங்கினான். கண்ணில் உப்பு கரித்தது. வாலில் அரித்தது. செத்துப்போவது இவ்வளவு எரிச்சலான வேலை என்று யாரும் சொல்லவில்லையே!

மரத்தின் மேலே ஷெரி சிரிப்பை அடக்க வாலை வாயில் திணித்துக்கொண்டு கண்ணை மூடிக் குலுங்கினாள். ஆற்றை அவளும் பார்க்கவில்லை.

முப்பது... முப்பத்தொன்று...

"என்னங்க! நம்ம துண்டு வழியா தண்ணி உள்ளே வருது!"

முப்பத்திரண்டு. செத்தவன் பேசக் கூடாது.

"எங்கே இருக்கீங்க? கூட்டுக்கு ஒரு சாண்தான் பாக்கி! என்னங்க!"

முப்பத்தி... நெபுவுக்கு எண்ணிக்கை தப்பியது. நெஞ்சுக்குள் ஏதோ கனத்தது. அம்மிக்கல் மாதிரி கனத்தது. ஐயோ, இறகு எங்கே, இது எங்கே! இதைத் தராசில் வைத்தால் தட்டு தரையில் அல்லவா போய் மோதும்!

செத்தவன் எழுந்து ஓடினான். துணி தடுக்கி விழுந்தான். மறுபடி ஓடினான். பொம்மையும் அலகில் இருந்தது. திறந்து கிடந்த தன் துண்டில், வெள்ளத்துக்கு நேரே, அதை நிறுத்தினான்.

"போடா! அடைடா! இதுக்குத்தானே உன்னைக் கொண்டாந்தேன்!"

பச்சைக் களிமண் என்ன செய்யும்? முதலில் கால் போனது. பிறகு வயிறு. கடைசியில் மூக்கு மட்டும் ஒரு நொடி தெரிந்தது. அதுவும் போனது.

நெபு ஒரு முறை தெபாவைப் பார்த்தான். அவள் இறக்கையை விரித்து ஆறு முட்டைகளையும் அணைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். அந்தத் திறப்பிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்! அகலமான உடம்பு. சுற்றிலும் பத்துச் சுற்றுத் துணி. துணி தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பியது. உள்ளே வந்த வெள்ளம் சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றது.

முயலும் கொக்கும் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவன் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி கரையை ஏற்றினார்கள். கூட்டின் அடி வைக்கோல் நனைந்திருந்தது. ஆறு முட்டைகளும் வெதுவெதுப்பாகவே இருந்தன.

கடைசியாக மேஸ்திரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மங்கல் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"உடைப்புல இது என்ன, துணி மூட்டையா? வாத்து வீட்டு ஆள் எங்கேய்யா?"

"இதோ இருக்கேன்!" என்றான் நெபு.

"இதோ இருக்கேன்!" என்றது பழக்க தோஷத்தில் இன்னொரு குரல். வறண்ட, கரகரத்த, களிமண் குரல்.

நெபு தனக்கு அடியில் பார்த்தான். பொம்மை இல்லை, சேறுதான் இருந்தது. சேற்றை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தான். பிறகு கழுத்தை மெல்ல, மிக மெல்ல, மேலே தூக்கினான்.

அத்தி மரக் கிளையில் ஷெரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளா..." என்றான் நெபு. "நாலு நாளா நீயாடீ!"

ம், இப்போது சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் இதை நினைவில் வையுங்கள்: நம் பேரைக் கூப்பிடும்போது நாமே எழுந்து போகாவிட்டால், நமக்காகக் குரல் மட்டும் கொடுக்க யாராவது வருவார்கள், வேலை செய்ய ஒருவரும் வரமாட்டார்கள்.