சாந்தப்பனின் கண்ணீர்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், பிள்ளைகளே, விலங்குகள் செபம் செய்யப் பழகியிருந்தன. காட்டின் ஓரத்தில் மனிதர்கள் கட்டிய சிறிய கோவில் ஒன்று இருந்தது. விடியற்காலையில் அதன் மணி அடிக்கும். மணியோசை கேட்டதும் விலங்குகள் ஆற்றங்கரைப் பாறைக்கு வந்து கூடும். அந்த நேரத்தில் எந்த விலங்கும் எதையும் வேட்டையாடாது.

செபத்துக்கு முன் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாம் சிறிது நேரம் வாய் மூடி, கண் மூடி இருக்கும். நேற்று நான் என்ன செய்தேன், ஏன் செய்தேன், இப்போது என் நெஞ்சில் என்ன ஓடுகிறது என்று ஒவ்வொன்றும் தன்னையே கேட்டுக்கொள்ளும். கரடிக்குத் தன் பேராசை தெரியும். முயலுக்குத் தன் பயம் தெரியும். காட்டுப்பன்றிக்குத் தன் முன்கோபம் தெரியும். தெரிந்ததை ஆண்டவரிடம் சொல்லிவிட்டு, மனப்பாரம் கொஞ்சம் குறைந்து எழுந்து போகும்.

செபத்தை நடத்தியவன் சாந்தப்பன் என்ற ஆண் யானை. பெயருக்கேற்ற குணம் அவனுக்கு. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைத் துதிக்கையால் எடுத்து மறுபடி கூட்டில் வைப்பான். கோடையில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்தால், மற்றவை குடித்த பிறகுதான் தான் குடிப்பான். அதில் வேடம் எதுவும் இல்லை. அவன் உண்மையாகவே நல்லவன்.

அமைதி நேரத்தில் தொடக்கத்தில் அவனும் தன் உள்ளத்தைத்தான் பார்த்தான். பார்த்தவரையில் குறை என்று பெரிதாக எதுவும் தென்படவில்லை. இன்றும் இல்லை, நாளையும் இருக்காது என்று தோன்றியதும் பார்ப்பதையே விட்டுவிட்டான். மற்றவை கண் மூடியிருக்க, அவன் மட்டும் கண்ணைத் திறந்து அவற்றைப் பார்த்தான். அமைதி முடிந்ததும் உரக்கச் செபிப்பான்.

"ஆண்டவரே, கரடியின் வயிற்றாசையைத் தணியும். பன்றியின் கோபத்தை அடக்கும். முயலின் நெஞ்சுக்குத் தைரியம் கொடும்."

நம்மை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறானே என்று விலங்குகள் நெகிழ்ந்துபோகும். தனக்காக அவன் ஒன்றும் கேட்காததை ஒருவரும் கவனிக்கவில்லை. அவனும் கவனிக்கவில்லை.

சாந்தப்பனுக்கு அருளாயி என்று ஒரு தங்கை இருந்தாள். பல ஆண்டுகள் பிள்ளை இல்லாமல் இருந்து, கடைசியாக அவளுக்கு ஒரு கன்று பிறந்தது. அதற்குச் சவரி என்று பெயர் வைத்தார்கள். சவரிக்கு மாமன் என்றால் உயிர். செபம் நடக்கும்போது மாமனின் முன்கால்களுக்கு நடுவே போய் நின்றுகொள்வான். நிழலாகவும் இருக்கும், வெளியே தலையை நீட்டி எல்லோரையும் பார்க்கவும் முடியும்.

அந்த ஆண்டு தவக்காலம் தொடங்கும்போதே வெயில் கொளுத்தியது. ஒருநாள் செபத்தின் நடுவில் மந்தி ஒன்று கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது. யாரைப் பார்த்தாலும் புகழ்வது அந்த மந்தியின் சுபாவம். சாந்தப்பனின் கன்னத்தில் கறுப்பாக ஈரக்கோடு ஒன்று இறங்கியிருப்பதை அது கண்டது.

"ஐயா அழுகிறீர்கள்" என்றது மந்தி. "நம் பாவங்களுக்காக ஐயா அழுகிறார், பாருங்கள்."

சாந்தப்பன் துதிக்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். ஈரமாகத்தான் இருந்தது. தான் அழுதது அவனுக்கு நினைவில்லை. ஆனாலும், அழக்கூடியவன்தான் நான் என்று அவனுக்குத் தோன்றியது. ஆண்டவர் தனக்குக் கண்ணீரின் வரம் கொடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டான்.

செய்தி காடு முழுதும் பரவியது. மலைக்கு அப்பாலிருந்தும் விலங்குகள் அந்தக் கண்ணீரைப் பார்க்க வந்தன.

சில நாட்களில் சாந்தப்பனுக்கு உணவு பிடிக்காமல் போயிற்று. அவனுக்குப் பிரியமான மூங்கில் குருத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உபவாசம் தனக்கு இவ்வளவு எளிதாகிவிட்டதே என்று மகிழ்ந்தான். தூக்கமும் குறைந்தது. அதைப் பற்றி மந்தியிடம் பேசும்போது, ஆவி விழித்திருக்கிறது என்று சொன்னான். மந்தி அதையும் காடெல்லாம் சொன்னது.

பிறகு ஒருநாள், செப நேரத்தில் மரங்கொத்தி ஒன்று வேங்கை மரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. தினமும் கொத்துகிற பறவைதான். சாந்தப்பன் சட்டென்று எழுந்துபோய் அந்த மரத்தை முட்டி வேரோடு சாய்த்தான். மரங்கொத்தி பறந்து தப்பியது. அதன் முட்டைகள் தப்பவில்லை.

சாந்தப்பன் திரும்பி வந்து நின்றான். ஆண்டவரின் வேளையை அவமதித்தால் இப்படித்தான் பரிசுத்தக் கோபம் வரும் என்று விளக்கினான். விழுந்த குஞ்சை எடுத்து வைக்கும் யானை அவன் என்பதால், அதையும் எல்லோரும் நம்பினார்கள். மரத்தை முட்டிச் சாய்த்தபோது நெஞ்சுக்குள் இனிப்பாக ஒன்று பரவியதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று மாலை அருளாயி அவனைத் தேடி வந்தாள். தயங்கித் தயங்கி அருகில் வந்து, அவன் கன்னத்தை முகர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, இது கண்ணீர் இல்லை. கண்ணிலிருந்து வரவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து வருகிறது. இது மதம் பிடிக்கப்போகும் யானைக்கு வடிகிற மதநீர்."

சாந்தப்பன் முகத்தை விலக்கிக்கொண்டான்.

அவர்களுடைய தகப்பனைப் பற்றி அவள் நினைவுபடுத்தினாள். அவர் முரடர். செபப் பாறைப் பக்கம் ஒருநாளும் வந்தவர் இல்லை. ஆனால் கன்னத்தில் அந்த ஈரம் இறங்கத் தொடங்கினால் அவருக்கு முதலில் தெரிந்துவிடும். இனிமேல் என் அருகில் யாரும் வராதீர்கள் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு, தனியாக மூங்கில் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவார். ஈரம் காய்ந்த பிறகுதான் திரும்புவார். அண்ணனும் அப்படிப் போய் இருந்துவிட்டு வரவேண்டும் என்று அருளாயி கெஞ்சினாள். செபம் எங்கே போய்விடும், சில வாரம் வேறு யாராவது நடத்தட்டும் என்றாள்.

"அப்பாவுக்குச் செபம் தெரியாது, அருளாயி" என்றான் சாந்தப்பன் மெதுவாக. "அதனால் அவர் ஓடி ஒளிய வேண்டியிருந்தது. எனக்கு எதற்கு?"

"உடம்புக்கு அது தெரியுமா, அண்ணா?"

"சவரியைத் தாங்கி வளர்த்தவன் நான். என்னைப் பார்த்தா பயப்படுகிறாய்?"

அவன் குரலில் கோபம் இல்லை. வருத்தம் மட்டும் இருந்தது. அந்த வருத்தம்தான் அவளை வாயடைக்க வைத்தது. மறுநாள் விடியலில் சாந்தப்பன் எல்லோர் முன்னிலையிலும் செபித்தான். ஆண்டவரே, என் தங்கையின் மனதில் புகுந்த சந்தேகத்தை மன்னியும் என்றான்.

அருளாயி வெட்கித் தலைகுனிந்தாள். அவள் மூக்கு சொன்னது ஒன்று, அண்ணனின் செபம் சொன்னது ஒன்று. அவள் மூக்கைத் தள்ளிவிட்டு அண்ணனை நம்பினாள். செய்த தவறுக்குப் பரிகாரம் போல, சில நாட்களாகத் தன் பக்கத்திலேயே வைத்திருந்த சவரியை மறுபடி அவன் காலடிக்கு அனுப்பினாள். போடா, மாமனிடம் போய் நில் என்றாள்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்று கோவிலில் மணி அடிக்க மாட்டார்கள். மரக்கட்டைகளைத் தட்டித்தான் ஆட்களை அழைப்பார்கள். ஆண்டுதோறும் கேட்கிற ஓசைதான். வறண்ட காற்றில் அது காடு முழுதும் டக் டக்கென்று கேட்டது.

பாறையில் விலங்குகள் கண் மூடி அமர்ந்திருந்தன. சாந்தப்பனின் காதுக்குள் அந்த ஓசை ஆணி போல இறங்கியது. அவன் உள்ளங்கால்கள் சுட்டன. துதிக்கையின் நுனி தானாகத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது கூட அவனுக்குத் தெரியவில்லை. அப்போதாவது ஒரு கணம் தன் பக்கம் திரும்பியிருந்தால், எல்லோரும் விலகிப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவன் கரடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரடி அரைத்தூக்கத்தில் இருந்தது. இன்று கூடவா என்று நினைத்தான். பன்றி காதை அசைத்தது. இன்று கூடவா என்று நினைத்தான்.

மாமனின் கால்களுக்கு நடுவே நின்று நின்று சவரிக்கு அலுத்துவிட்டது. தன் சின்னத் துதிக்கையை உயர்த்தி மாமனின் மார்பில் விளையாட்டாக ஒரு தட்டு தட்டினான்.

பிறகு நடந்தது எதுவும் சாந்தப்பனுக்குத் தெரியாது.

அவனுக்கு நினைவு திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. பாறையில் யாரும் இல்லை. ஆற்றோரச் செடிகள் மிதிபட்டுக் கிடந்தன. மந்தி உச்சிக்கிளையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாறையின் நடுவில் அருளாயி நின்றாள். அவள் கால்களுக்கு அடியில் சவரி கிடந்தான். அவள் துதிக்கையால் அவனைத் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தாள்.

சாந்தப்பன் பதறி அருகில் ஓடினான்.

"யார் செய்தது இதை?" என்று கேட்டான்.

அருளாயி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கேலி செய்யவில்லை, நடிக்கவும் இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அதுவே அவளுக்கு எல்லாவற்றையும் விடக் கொடுமையாக இருந்தது.

"நீங்கள்தான், அண்ணா."

அவன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். அவற்றில் இரத்தம் படிந்திருந்தது.

முழங்கால் மடித்துப் பாறையில் விழுந்தான். செபிக்க வாய் திறந்தான். கரடி, பன்றி, முயல் என்று பழகிய பெயர்கள்தான் நாவில் வந்தன. அவற்றை விட்டுவிட்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகு தன் உள்ளத்துக்குள் பார்க்க முயன்றான். மரங்கொத்தியின் மரம் சாய்ந்தபோது பரவிய இனிப்பு அங்கே இருந்தது. கூட்டம் கூட்டமாக வந்து விலங்குகள் தன் கன்னத்தைப் பார்த்தபோது பொங்கிய பெருமை இருந்தது. எல்லாம் எத்தனை காலமாகவோ அங்கே குடியிருந்தவை போல இருந்தன. அவனால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. அவன் முகத்தில் இரண்டு ஈரம் கலந்து வழிந்தது. அதில் எது கண்ணீர் என்று அவனால் பிரிக்க முடியவில்லை.

மாலையில் யானைக்கூட்டம் வந்து சவரியின் மேல் இலைகளையும் கிளைகளையும் போட்டு மூடியது. சாந்தப்பன் ஒரு கிளையைக் கொண்டுவந்தான். அருளாயி அதைத் தடுக்கவில்லை, வாங்கவும் இல்லை. அவன் அதைத் தரையில் வைத்துவிட்டு விலகிக்கொண்டான். கூட்டம் ஆற்றைக் கடந்து போனது.

மழை வந்தது. சாந்தப்பனின் கன்னம் காய்ந்தது. அவனுக்குப் பசி திரும்பியது, தூக்கமும் திரும்பியது. அவை திரும்பி வந்ததே அவனுக்குத் தண்டனையாக இருந்தது.

மந்தி ஒருமுறை தேடி வந்தது. ஆண்டவர் எப்போதோ மன்னித்திருப்பார், ஐயா மறுபடி வந்து செபத்தை நடத்தவேண்டும் என்று சொன்னது. பாறைக்கு இப்போது யாரும் வருவதில்லை என்றும் சொன்னது. அவ்வளவு நல்லவனுக்கே தன் உள்ளம் தெரியவில்லை என்றால் நமக்கெல்லாம் என்ன தெரியும் என்று முயல் வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டதாம். கரடி கண் மூடவே பயப்படுகிறதாம்.

சாந்தப்பன் கேட்டுக்கொண்டிருந்தான். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

கூட்டம் மேய்ந்துகொண்டிருந்த அக்கரைக்கு அவன் ஒருநாள் போனான். அருளாயி மெலிந்திருந்தாள். அவன் சற்றுத் தொலைவிலேயே நின்றான்.

"தங்கச்சி, என்னை மன்னிப்பாயா?"

அவள் நெடுநேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"மன்னிக்கத்தான் வேண்டும், அண்ணா. அது எனக்குத் தெரியும். தினமும் கேட்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை."

அவன் அங்கேயே நின்றான்.

அப்போது கூட்டத்தில் புதிதாகப் பிறந்திருந்த கன்று ஒன்று, அவனை முன்பின் பார்த்தறியாதது, காதுகளை விரித்துக்கொண்டு அவனை நோக்கித் துள்ளி ஓடிவந்தது. அதன் தாய் மிரண்டு நிமிர்ந்தாள். அருளாயியும் நிமிர்ந்தாள். வாய் திறந்து அழைக்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதற்குள் சாந்தப்பன் திரும்பிவிட்டான். கன்று எட்டாதபடி வேகமாக எட்டு வைத்து ஆற்றுக்குள் இறங்கினான்.

கன்று தண்ணீர் ஓரம் வரை வந்து அவனைக் கூப்பிட்டது. அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

நீதி: பிறர் குறைகளுக்காகச் செபிக்கும் முன் உன் உள்ளத்தைக் கவனி. கவனிக்காமல் விட்ட உள்ளம், நீ அதிகமாக நேசிப்பவர்களையே முதலில் மிதிக்கும்.