பதினான்காம் எண்

உலகம்மாளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் பிற்பகல் இரண்டு மணிக்கு. ஊரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள், எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் கணவர் சங்கரலிங்கம் காலையிலேயே லீவு போட்டிருக்கலாம். ஆய்வறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனால் மனசு லேசாக இருக்கும் என்று ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். அந்த மாதிரி மனிதர்.

இருபது வருஷம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் ரத்தம் உறைவதைப் பற்றி ஆராய வந்தவர் அவர். குரு ரெஜினா அவரைவிட ஏழு வயது இளையவர். முதலில் கொஞ்சம் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

நோயாளியின் ரத்தம் சரியாக உறைகிறதா என்று சொல்ல, ஆரோக்கியமானவர்களின் ரத்தம் எத்தனை விநாடியில் உறைகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ரத்தம் கொடுக்க வெளியாட்கள் வருவதில்லை. ஆய்வுக்கூடத்து ஆட்களும் அவர்கள் வீட்டாரும்தான் கை நீட்டுவார்கள். ரெஜினா ரத்தம் எடுத்து, அதன் தெளிநீரை மூன்று சீசாக்களில் பிரித்துக் கொடுப்பார். ஆபீஸில் எண் ஒட்டி, பெயர்களைக் கவரில் போட்டு பீரோவில் பூட்டிவிடுவார்கள். எந்த எண் யாருடையது என்று ரெஜினாவுக்கும் தெரியாது.

அறிக்கையைப் புரட்டிய ரெஜினா நிமிர்ந்தார்.

"இருபது பேர் கொடுத்தாங்க. இதுல பத்தொன்பதுதான் இருக்கு."

"பதினாலாம் நம்பரைத் தள்ளிட்டேன் மேடம். கெட்டுப்போன சாம்பிள்."

"எப்படித் தெரியும்?"

"எல்லாரும் முப்பது, முப்பத்தஞ்சு விநாடியில உறைஞ்சாங்க. அது தொண்ணூறு தாண்டிருச்சு. இன்னொரு சீசா எடுத்துப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான். ரத்தம் எடுத்த குழாய் கோடு வரைக்கும் நிரம்பியிருக்காது, அதான் உறைய லேட்டாகுது. ரெண்டையும் கொட்டிட்டேன்."

"குழாயை நிரப்பினது நான்தானே, சார்."

சங்கரலிங்கம் சங்கடத்தோடு சிரித்தார். "அப்ப எது சாம்பிள் கோளாறு, எது நிஜம்னு எப்படித்தான் மேடம் கண்டுபிடிக்கிறது?"

ரெஜினா ஃப்ரீசரைத் திறந்து பதினான்காம் எண்ணின் மூன்றாவது சீசாவை எடுத்தார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் உருகவிட்டார். கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மருந்து கலந்து, கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கடைசியாகக் கால்சியம் விட்டு, ஸ்டாப்வாட்ச்சைச் சங்கரலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

குழாயைச் சாய்த்தார், நிமிர்த்தினார். மறுபடி சாய்த்தார்.

"முப்பது," என்றார் சங்கரலிங்கம்.

தண்ணீர் போல ஓடியது.

"அறுபது... தொண்ணூறு."

இன்னும் ஓடியது. நூற்றுப் பத்தில்தான் ஒரு நூல் திரண்டது.

ரெஜினா ஆபீஸுக்குச் சொல்லி அனுப்பினார். கவரோடு பீரோச் சாவியும் வந்தது.

"நீங்களே பிரிங்க சார். இந்த ஆளை வரச் சொல்லணும்."

சங்கரலிங்கம் பிரித்தார். பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் நின்றுவிட்டது.

"யாரு?"

ரெஜினா எட்டிப் பார்த்தார்.

14. உலகம்மாள்.

"ஐயோ," என்றார் ரெஜினா. அவரிடமிருந்து அப்படி ஒரு குரலை அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. "இன்னைக்குன்னு சொன்னீங்களே, எத்தனை மணிக்கு ஆபரேஷன்?"

"ரெண்டு மணி." சுவரில் ஒன்று முப்பத்தைந்து. "போன வருஷம் அவளுக்குப் பல்லு பிடுங்கினப்ப ரெண்டு நாள் ரத்தம் நிக்கல மேடம். பல் டாக்டருக்குத் தொழில் தெரியலன்னு அவர்கிட்ட சண்டைக்குப் போனேன்."

"போன் பண்ணுங்க!"

முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை உலகம்மாளே எடுத்தாள்.

"கிளம்பிட்டியளா? என்னைக் கூட்டிட்டுப் போக ஆளு வந்தாச்சு."

"போகாத. உலகு, உள்ள போகாத. டாக்டர்கிட்ட போனைக் குடு."

"எனக்கே பயமில்ல. உங்களுக்கு ஏன் இப்படி நடுங்குது?"

"குடு, தாயி!"

டாக்டர் வந்தார். சங்கரலிங்கத்துக்குக் கோர்வையாகப் பேச வரவில்லை. ரெஜினா போனை வாங்கி விஷயத்தைச் சொன்னார். ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு சத்து உலகம்மாளுக்குக் குறைவாக இருக்கலாம், விரலில் குத்திப் பார்த்தால் அது தெரியாது, எது என்று கண்டுபிடிக்கும்வரை கத்தி வைக்க வேண்டாம் என்றார். ஆபரேஷனை நிறுத்திவிட்டதாகச் சொன்னார் டாக்டர்.

ரெஜினா போனைத் திருப்பிக் கொடுத்தார். சங்கரலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அழுகைக்கு நடுவில் சொன்னார்:

"அவ ரத்தம்னு தெரிஞ்சிருந்தா கொட்டியிருக்கவே மாட்டேன் மேடம்."

ரெஜினா அவரையே பார்த்தார். அலமாரியிலிருந்து போன இரண்டு வருஷத்து நோட்டுகளை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"'சாம்பிள் கோளாறு'ன்னு எத்தனை எழுதியிருக்கீங்க?"

அவர் புரட்டினார். எல்லாம் அவருடைய கையெழுத்துதான், அழகான கையெழுத்து. கடைசிப் பக்கத்துக்கு வரும்போது அழுகை நின்று, முகம் வெளுத்திருந்தது.

"ஆறு."

"யார் யாரு?"

"தெரியாது மேடம்."

ரெஜினா பீரோச் சாவியை நோட்டின் மேல் வைத்தார்.

"கவர்களை எடுத்துப் பிரிங்க சார். போனைக் கீழ வைக்க வேண்டாம்."