மஞ்சள் தடவிய ஓலை

வெண்கோட்டையை ஆண்ட அதிரூபவர்மருக்கு அரண்மனைகள் மூன்று. தலைநகரில் ஒன்று, ஆற்றங்கரையில் ஒன்று, மலைமேல் ஒன்று. தூக்கம் மட்டும் ஒன்றுதான். அதை எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போவார்.

நாட்டுச் செய்திகள் ஓலையில் வரும். ஒவ்வொரு ஓலையையும் மூன்று படி எடுத்து மூன்று அரண்மனைக்கும் அனுப்புவார்கள். மலையில் கேட்ட செய்தியையே ஆற்றங்கரையிலும் வாசித்தார்கள். மன்னருக்குச் சலித்துவிட்டது.

"நான் எங்கே இருந்தாலும் விட்ட இடத்திலிருந்து வாசிக்க வேண்டும். கேட்டதை மறுபடி வாசிக்கவே கூடாது. அப்படி ஒரு ஆளைத் தேடுங்கள்" என்றார்.

ஆட்கள் வந்தார்கள். ஒருவன் சம்பளமே வேண்டாம் என்றான். ஆனால் இரண்டு செய்திக்கு நடுவே ஒரு செக்கு எண்ணெய்க் கடையின் புகழைப் பாடினான். அமைச்சர் வீரசிகாமணியின் மைத்துனன் அழகாக வாசித்தான். மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்துவிட்டான். அருளாளன் என்பவன் சொன்ன வழிதான் மன்னருக்குப் பிடித்தது. வாசித்ததும் மன்னர் தலையசைப்பார். உடனே அந்த ஓலையில் மஞ்சள் தடவப்படும். குதிரைவீரன் ஓடிப்போய்ச் சொல்ல, மற்ற இரண்டு அரண்மனையிலும் அதே ஓலைக்கு மஞ்சள். அருளாளனுக்கே வேலை கிடைத்தது. அமைச்சருக்கு வயிறு எரிந்தது.

சில மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஒருநாள் கரும்பாறை ஊர்க்காரர்கள் சேறும் சகதியுமாகச் சபைக்கு வந்து நின்றார்கள்.

"ஏரிக்கரை விரிசல் விடுகிறது என்று ஓலைமேல் ஓலை அனுப்பினோம், அரசே. இப்போது கரையும் இல்லை, பயிரும் இல்லை."

"என் காதில் ஒரு சொல்லும் விழவில்லையே" என்று மன்னர் பதறினார்.

ஓலைகளை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் பளிச்சென்று மஞ்சள்.

"வாசிக்காமலே தடவியிருக்கிறான்" என்றார் அமைச்சர். "என் மைத்துனன் இருந்திருந்தால் இப்படி நடக்குமா?"

அருளாளன் கைகூப்பினான். "தாங்கள் தலையசைத்த பிறகுதான் தடவினேன், அரசே."

"நான் பொய் சொல்கிறேன் என்கிறாயா? பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டைவிட்டுப் போ."

அப்போது சபை விகடர் கூத்தபிரான் எழுந்தார். "போகட்டும், அரசே. இன்று வந்த ஓலைகளை வாசித்துவிட்டுப் போகட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அமைச்சரும் பக்கத்திலேயே இருந்து கண்காணிக்கட்டும்."

அன்று சமையல் எரிசேரியும் பால் பாயசமும். மன்னர் ஊஞ்சலில் சாய்ந்தார். அருளாளன் வாசித்தான். மழைச் செய்தி ஒன்று, தேர்த்திருவிழாச் செய்தி ஒன்று. மூன்றாவது ஓலையைக் கூத்தபிரான் தம் மடியிலிருந்து எடுத்து நீட்டினார், அருளாளன் அதையும் வாசித்தான்.

"அமைச்சர் வீரசிகாமணி தம் மாளிகையை இடித்து, அந்தக் கல்லை எல்லாம் கரும்பாறை ஏரிக்கரைக்குத் தர முன்வந்துள்ளார். மன்னர் சம்மதம் வேண்டும்."

மன்னரின் தலை மெல்ல முன்னால் சரிந்து, ஒரு முறை ஆடி நின்றது.

"சம்மதம். தடவப்பா மஞ்சளை" என்றார் கூத்தபிரான். குதிரைவீரர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அமைச்சர் துள்ளி எழுந்தார். "நிறுத்துங்கள்! அரசர் தூங்குகிறார். அது தலையசைப்பே இல்லை. சாப்பிட்டால் தினமும் இப்படித்தான் ஆடும், எனக்குத் தெரியாதா?"

அந்தச் சத்தத்தில் மன்னர் விழித்தார். "யார் தூங்கினது?"

கூத்தபிரான் வணங்கிச் சொன்னார்: "அருளாளனுக்காக வாதாட வந்தேன், அரசே. அமைச்சரே முந்திக்கொண்டார்."

மன்னருக்குப் புரிந்தது. முகம் சிவந்தது. அருளாளனை அருகே அழைத்து, "தப்பு என் மேல்தான். நீ எங்கேயும் போக வேண்டாம். இனிமேல் சாப்பாட்டுக்கு முன்னால் வாசி" என்றார். தம் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

பிறகு கூத்தபிரானைப் பார்த்தார். "அதுசரி, கடைசியாக எதற்குத் தலையாட்டினேன்? அந்த ஓலையை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்."

"வேண்டாம், அரசே. அதைக் கிழித்துப் போட்டுவிடலாம்" என்று அமைச்சர் கெஞ்சினார்.

"அதெப்படி முடியும்?" என்றார் கூத்தபிரான். "மஞ்சள் தடவியாயிற்று. கேட்டதை மறுபடி வாசிக்கவே கூடாது என்பது மன்னர் உத்தரவு. மாளிகையை இடித்து முடித்ததும் புது ஓலை வரும், அரசே. அதை விழித்திருந்து கேளுங்கள்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே, நன்றாக விழித்த கண்ணோடு, தலையசைத்தார்.