சுண்டக்கறிக்கு மூன்று நாள்

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சாமிக்கு முப்பத்தைந்து. குருவைவிடச் சீடர் மூத்தவர் என்பதால் சாமி அவரை "அண்ணாச்சி" என்றே கூப்பிட்டார்.

ஆற்றங்கரையில் சின்ன மடம். நாலைந்து பேர் சாப்பிடுகிற இடம். ஆவுடையப்பன் அதற்கு முன் முப்பது வருஷம் கல்யாண வீடுகளில் சமைத்தவர். மனைவி இறந்த பிறகு இங்கே வந்தார். காலையில் தியானம், பிறகு அடுப்பு என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

அவருக்கு நினைவு அதிகம். பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒருமுறை ஆறிப்போன டீயைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கமே நடக்க மாட்டார். கடைக்காரர் இறந்து, அது செருப்புக் கடையான பிறகும் நடக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, தென்காசியிலிருந்து அவருடைய அண்ணன் மகன் குற்றாலிங்கம் வந்தார். நாற்பது வயது ஆள். ஆவுடையப்பன் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்னடே?"

"அப்பாவுக்கு முடியலை சித்தப்பா."

"வயசாச்சுல்லா."

"பத்து நாளா கஞ்சி மட்டுந்தான். நேத்து அதையும் வேண்டாம்னுட்டாக. என்னதான் வேணும்னு கேட்டேன். ஆச்சி உயிரோட இருந்தப்ப வச்ச சுண்டக்கறி வேணும்ங்காக."

கத்தி நின்றது.

"உன் வீட்டுக்காரிக்கு வைக்கத் தெரியாதா?"

"வச்சா. நாக்குல வச்சுட்டு, இது சுடவச்ச சாம்பாருல்லான்னாக."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சித்தப்பா கைக்குத்தான் அது வரும்னாக."

"சொல்லுவான். கரண்டி பிடிக்கத்தானே நான் பிறந்தேன்."

குற்றாலிங்கம் விழித்தார். வாசலில் நின்றிருந்த சாமி உள்ளே வந்தார். ஆவுடையப்பன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சாமி, அவன் வாசல்ல நான் கால் வச்சு இருபத்தாறு வருஷம் ஆச்சு. இப்ப நான் போகணுமா, வேண்டாமா?"

"சுண்டக்கறிக்கு எத்தனை நாளாகும் அண்ணாச்சி?"

"மூணு நாள்."

"அப்ப இன்னைக்கே ஆரம்பிங்க. இந்தக் கேள்வியை மூணாம் நாள் கேளுங்க."

குற்றாலிங்கம் பதறிவிட்டார். "மூணு நாளா? அதுவரைக்கும் அப்பா..."

"அடுப்பைக் கூட்டி எரிச்சா ஒரு மணி நேரத்துல சுண்டும்டே. ஆனா சுண்டக்கறி ஆகாது. நடுவுல ரெண்டு ராத்திரி அது ஆறிக் கிடக்கணும்."

புதன்கிழமை காலை வருவதாகச் சொல்லிவிட்டுக் குற்றாலிங்கம் போனார்.

அன்று மதியம் முருங்கைக்காய் சாம்பாரும் அவியலும் பூசணிக்காய்ப் பொரியலும். எல்லாரும் சாப்பிட்டதும், மீந்த மூன்றையும் ஆவுடையப்பன் ஒரே மண்சட்டியில் ஒன்றாகக் கொட்டினார். சாயங்காலம் தீயைத் தணித்துச் சட்டியை ஏற்றினார். கரண்டி போடவில்லை. துணியால் விளிம்பைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். புளியும் தேங்காயும் முருங்கையும் ஒன்றாக மணந்தன. சாமி மணையை இழுத்துப் போட்டு அடுப்பருகே உட்கார்ந்தார்.

"கரண்டி போடக் கூடாதா?"

"போட்டா காய் குழைஞ்சிரும். அம்மா போட விடமாட்டா. தீபாவளி, பொங்கல் முடிஞ்சா வீட்டுல இந்த வாசம்தான். மூணாம் நாள் காலையில பழைய சோத்தைப் பிழிஞ்சு வச்சு, இதை ஊத்துவா. நாங்க ரெண்டு பேரும் அதை அவசரமா முழுங்குவோம்."

"அவ்வளவு பசியா?"

"பசி இல்ல சாமி. காலிச் சட்டிக்கு. சட்டி காலியானதும் அதுல ரெண்டு கை சோத்தைப் போட்டு, வழிச்சுத் தின்னுங்கலேன்னு நடுவுல வைப்பா. அந்தப் பக்கம் இருந்து அவன் வழிப்பான், இந்தப் பக்கம் இருந்து நான். நடுவுல கொஞ்சம் அடிப்பிடிச்சு இருக்கும். கறுப்பா, தித்திப்பா. அதுக்குத்தான் அத்தனை அவசரமும்."

"அது யாருக்குக் கிடைக்கும்?"

"எனக்குத்தான். அது பக்கத்துல வந்ததும் அண்ணன் கையை எடுத்துருவான்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணனைப் பற்றி நல்லதாகச் சொல்லி ஏமாந்துவிட்டதுபோல் இருந்தது. விறகை வேகமாக வெளியே இழுத்தார்.

"அப்புறம் என்ன நடந்தது அண்ணாச்சி?"

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"திரும்பச் சொல்லுங்க."

"எங்க அம்மாவோட பதினாறாம் நாள். மழை. பந்தல் ஒழுகுது. மதுரையில இருந்து மதினி வீட்டு ஆளுக வந்திருந்தாக. மூணாம் பந்தி. நானும் இலைக்குப் போனேன். அவன் என் தோளைப் பிடிச்சு, நீ கரண்டியைப் பிடின்னான். எங்க அம்மா பதினாறுக்கு நான் பரிமாறுதேன், அவன் அவங்களோட உக்காந்து சாப்பிடுதான். நீயும் உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அன்னைக்குப் புறப்பட்டவன்தான்."

சட்டியை இறக்கி மூடினார்கள்.

மறுநாள் காலையும் மாலையும் சட்டி அடுப்பில் ஏறி இறங்கியது. சாம்பார் என்ற பெயர் அதற்கு இனிப் பொருந்தாது. இரண்டு விரற்கடை கீழே இறங்கி, நிறம் கறுத்து, பக்கங்களில் வளையம் வளையமாகக் கோடு விழுந்திருந்தது.

சாமி மணையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு என்ன நடந்தது அண்ணாச்சி?"

"நேத்துத்தானே சாமி சொன்னேன்."

"இன்னைக்கும் சொல்லுங்க."

ஆவுடையப்பன் சட்டியைக் குலுக்கினார். "அம்மா பதினாறுக்கு, அத்தனை பேர் முன்னால இலையில இருந்து என்னை எழுப்பி விட்டான்."

சாமி தலையை ஆட்டினார்.

புதன்கிழமை காலை கடைசிச் சூடு. இப்போது அது சட்டியின் அடியில் கெட்டியாகக் கிடந்தது. குமிழி வந்து உடைய நேரமாயிற்று. சாமி மறுபடியும் அதையே கேட்டார். ஆவுடையப்பன் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவன் எனக்குச் சோறு போடலை."

அப்போது குற்றாலிங்கம் வந்துவிட்டார். கார் வெளியே நின்றது.

"நேத்து சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு, புதன்கிழமை ஆயிட்டான்னு கேட்டாக சித்தப்பா."

ஆவுடையப்பன் சட்டியை இறக்கி, அதன் கழுத்தில் துணி சுற்றிக் கட்டினார். பழைய சோற்றைப் பிழிந்து ஒரு தூக்குச்சட்டியில் போட்டார்.

"சட்டியோடயே கொண்டு போ. நான் வரலை. அதுக்கு முன்னால ருசி பாரு."

குற்றாலிங்கம் உள்ளங்கையை நீட்டினார். ஒரு சொட்டு விழுந்தது. நக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கரிக்குதே. உப்பு கூடப் போட்டுட்டீங்களா?"

"முதல் நாள் போட்டதோட சரி. ஒரு கல் கூடப் போடலை."

"அப்புறம் எப்படி?"

"தண்ணி போயிட்டுல்லா. உப்பு எங்கடே போகும்? அதுக்குத்தான் உப்பில்லாத பழைய சோறு. சேர்த்துத் தின்னா சரியா இருக்கும்."

சாமி கேட்டார். "தண்ணி போறது கண்ணுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"எப்படி சாமி தெரியும்? கொஞ்சம் கொஞ்சமா ஆவியால்லா போகுது. மூணாம் நாள் பார்க்கிறவனுக்கு, இது எப்பவும் இப்படித்தான் இருந்ததுன்னு தோணும்."

"நீங்க மடத்துக்கு வந்த அன்னைக்கும் இந்தப் பதினாறாம் நாள் கதையைச் சொன்னீங்க. அதுல ஒரு சமையக்காரர் இருந்தாரே. ரெண்டாம் பந்தி முடியறப்ப மயங்கி விழுந்தவர்."

ஆவுடையப்பன் துணியின் முடிச்சைப் பார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"அவர் பேர் என்ன அண்ணாச்சி?"

"சுடலைமுத்து."

"அவர் விழுந்ததும் உங்க அண்ணன் ஓடிவந்து உங்க ரெண்டு கையையும் பிடிச்சுக் கெஞ்சினார்னு சொன்னீங்க. மழையில நனைஞ்சு அந்தக் கை நடுங்குச்சுன்னு சொன்னீங்க."

குற்றாலிங்கம் சித்தப்பாவையே பார்த்தார். ஆவுடையப்பன் யாரையும் பார்க்கவில்லை.

"ஆனா நீயும் உக்காருன்னு சொல்லலை சாமி."

"சொல்லலை. அன்னைக்கும் நீங்க அதைச் சொன்னீங்க."

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. ஆவுடையப்பன் குனிந்து அதைத் தண்ணீர் தெளித்து அணைத்தார். நிமிர்ந்தபோது புகை பட்டுக் கண் சிவந்திருந்தது.

"மூணு நாள் ஆச்சு சாமி. இப்ப சொல்லுங்க. நான் போகணுமா, வேண்டாமா?"

சாமி தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு ஆளுக்கு மட்டும் சோறு இருந்தது.

"அண்ணன் சாப்பிட்டு முடிச்சதும், இந்தப் பக்கம் இருந்து சட்டியை யார் வழிக்கிறது அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் சோற்றுப் பானைக்குத் திரும்பிப் போய், இன்னும் இரண்டு கை அள்ளிப் பிழிந்தார்.