மூன்று பேருக்கு அளக்கும் கை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கொன்றைக்கோட்டைச் சீமையைக் கோவிந்த பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. அவருக்குத் தும்மல் வந்தால் அன்றைக்குச் சபை கிடையாது. விக்கல் வந்தால் வரி கிடையாது. ராஜாவுக்கு விக்கல் வரவேண்டும் என்று குடிகள் கோவிலில் வேண்டிக்கொள்வார்கள்.

அவருடைய மந்திரி ஆதிநாதர். மனைவி காலமாகி ஆறு வருஷம். ஒரே மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். பன்னிரண்டு அறை வீட்டில் இவர் ஒருத்தர்தான். சமையல்காரரையும் நிறுத்திவிட்டார், தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை இன்னொருத்தர் பார்ப்பது கூச்சமாக இருந்தது. சபையில் பேசுவதுதான் அவருக்கு ஒரு நாளின் மொத்தப் பேச்சும். சபை கலைகிற மணி அடித்தாலும் அவர் கடைசி ஆளாகத்தான் எழுந்திருப்பார்.

களஞ்சியம் பார்க்கும் திம்மப்ப ராயருக்கோ, அந்த மந்திரி ஆசனத்தின்மேல் வெகுநாளாக ஒரு கண்.

ஒருநாள் விடியற்கால முரசு ஒலிக்கவில்லை. ராஜா உச்சிப்பொழுது வரை தூங்கிவிட்டார். எழுந்ததும் வானுக்கும் பூமிக்கும் குதித்தார். முரசடிக்கும் மாசிலாமணியைப் பிடித்து வந்தார்கள். கூடவே ஓலை வாசிக்கும் சேந்தனும், யானைக்குக் கவளம் உருட்டும் பொம்மையனும் வந்து நின்றார்கள். மூவரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள். பிழைப்புக்காக வந்து, வடக்கு வீதியில் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்பவர்கள்.

"காலையில யார் அடுப்பு மூட்டுறதுங்கற சண்டை தீரலை, மகாராஜா. பசியில எனக்குக் கை எழும்பலை," என்றான் மாசிலாமணி. "விறகு மூணு பேர் பங்கு. இந்தப் பொம்மையன் ஒருத்தனே அண்டா வெந்நீர்ல குளிக்கிறான்!"

"யானை பக்கத்துல நிக்கறவன் குளிக்காம வந்தா நீ வீட்டுக்குள்ள விடுவியா? சேந்தனைக் கேளுங்க மகாராஜா, எண்ணெயெல்லாம் அவன் விளக்குக்கே போகுது."

"நான் எண்ணெயைத்தான் எரிக்கிறேன். மாசிலாமணி அரிசியையே எரிக்கிறான், வயித்துல!"

சபை சிரித்தது. ராயர் சிரிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"மகாராஜா, இரண்டு சுவர், மூன்று அடுப்பு, மூன்று பூட்டு. அவனவன் செலவு அவனவனுக்கு. வழக்கு தீர்ந்தது. இதற்கெல்லாம் ஒரு மந்திரி வேண்டுமா?"

"பலே!" என்று ராஜா தொடையைத் தட்டினார். "மந்திரியாரே, என்ன சொல்கிறீர்?"

"அப்படியே செய்யலாம், மகாராஜா. மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளைக்குத் தாங்களே நேரில் வரவேண்டும். அன்றைக்கு அவர்களாகவே சுவரை இடிக்காவிட்டால் என் முத்திரை மோதிரம் ராயருக்கு."

"இடித்துவிட்டால்?"

"அப்போது ஒன்று கேட்கிறேன்."

வீம்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, அந்த இரண்டு நாளும் ஆதிநாதருக்கு ஒரே கவலை. மோதிரம் போனால் போகட்டும். சபையும் போய்விடுமே! பிறகு யாரிடம் பேசுவது? பன்னிரண்டு அறையிலும் நடந்து பார்த்தார். தன் காலடிச் சத்தத்தைக் கேட்கவே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் ராஜா, மந்திரியும் ராயரும் பரிவாரமும் சூழ வடக்கு வீதிக்கு வந்தார். முதல் அறையில் மாசிலாமணியின் பானை நிறையச் சோறு.

"யாராவது விருந்தாளி வருகிறார்களா?"

"இல்லீங்க மகாராஜா. தலைக்கு ஒரு உழக்கு கணக்கு. உழக்கை எடுத்தா கை தானா மூணு தடவை அளந்துடுது."

சேந்தன் அறையிலும் மூன்று பேருக்கான சோறு. பொம்மையன் அறையிலும் அப்படியே. காய்ந்தும் காயாத மண்சுவர் ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"இதென்ன, எலி வளையா?"

"குழம்பு போற வழி, மகாராஜா," என்று பொம்மையன் நெளிந்தான். "வீணாப் போகுதேன்னு..."

மாசிலாமணி தலையைச் சொறிந்தான். "ஊர்ல இருந்து அம்மா ஓலை அனுப்பியிருந்துச்சு. எனக்கு எழுத்து தெரியாது. சேந்தன்தான் அந்த ஓட்டைகிட்ட விளக்கை வெச்சு வாசிச்சுக் காட்டினான்."

"எண்ணெய் யார் கணக்கு?" என்றார் ராஜா.

சேந்தன் விழித்தான். "கேக்க மறந்துட்டேன், மகாராஜா."

"அரிசியும் விறகும் மூணு மடங்கு போச்சு," என்றான் பொம்மையன். "முன்னாடி சண்டையாவது இருந்துச்சு. இப்ப அதுக்கும் ஆளில்லை." சொல்லிக்கொண்டே சுவரை ஓர் உதை விட்டான். சுவர் பொத்தென்று விழுந்தது. மற்றதை மற்ற இருவரும் தள்ளினார்கள்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "ராயரே, உம் வீட்டில் எத்தனை பேர்?"

"பதினெட்டுப் பேர், மகாராஜா."

"நாளைக்கு ஒருநாள் பூட்டிய அறையில் நீரே பொங்கி, நீரே சாப்பிடும்."

மறுநாள் ராயர் பொங்கினார். உப்பு போதுமா என்று கேட்க ஆளில்லாமல் மூன்று தரம் போட்டார். சாயங்காலம் கதவைத் திறந்தபோது உள்ளே கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு மந்திரி ஆசனத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

அன்று வடக்கு வீதியில், சுவர் விழுந்த கையோடு ராஜா ஆதிநாதரிடம் திரும்பினார். "இப்படித்தான் ஆகும் என்று உமக்கு எப்படி ஐயா தெரிந்தது?"

ஆதிநாதர் வேடிக்கையாக ஏதாவது சொல்லப் பார்த்தார். உண்மைதான் வாயில் வந்தது.

"என் வீட்டில் ஆறு வருஷமாக இரண்டு பேருக்கு உலை வைக்கிறேன், மகாராஜா. மிச்சத்தைக் காக்கைக்குப் போடுகிறேன்."

ராஜா மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கேளும். என்ன வேண்டும்?"

"இந்த வீட்டில் நாலாவது பங்கு."

ராஜா கொடுத்தார். மறுநாள் காலையில் புத்தி மாறவும் இல்லை.

ஒரு வாரம் போயிற்று. காலையில் அடுப்படியிலிருந்து பொம்மையன் கத்தினான். "மந்திரி ஐயா, நேத்து விறகு வெட்டற முறை உங்களுது!"

"அண்டா வெந்நீர் போட்டவன் நீ. நான் எதற்கு வெட்டவேண்டும்?" கிணற்றடியிலிருந்து ஆதிநாதர் பதிலுக்குக் கத்தினார். வீதியே கேட்டது. இவ்வளவு சத்தமாக அவர் பேசி எத்தனையோ காலம் ஆயிற்று.

உள்ளே மாசிலாமணி அரிசி அளந்துகொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. பழக்கதோஷத்தில் உழக்கைக் கீழே வைக்கப் போனான். ஆதிநாதர் சண்டையை நிறுத்திவிட்டு ஈரக் காலோடு வாசற்படியில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை பாதி வழியில் நின்றது. திரும்ப அரிசிக்குள் போயிற்று.

"நாலு," என்றான் மாசிலாமணி.