மார்க்கெட் தெருவில் நிழல் காத்த கதை

மார்க்கெட் தெருச் சங்கத்துக்காரர்கள் மூன்று பேர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதற்காக இல்லாததைச் சொல்லமாட்டேன். நடந்ததே போதும்.

தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஒரு இன்ஜினியர் வந்தார். தெருவில் இருந்தது ஒரே புங்கமரம். அதன் கீழே இருபது வருஷமாக என் பஞ்சர் கடை.

"நடக்கிறவங்களுக்கு நிழல் முக்கியம். இப்ப இருக்கிறது ஒரு அடிகூடக் குறையக் கூடாது. அளந்து குறிச்சு வையுங்க" என்று சங்கத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குத் தலைவர் தணிகாசலம் டேப் பிடித்தார். நாற்பது அடி. சரிபார்க்க நண்பகலில் மறுபடி பிடித்தார். பன்னிரண்டு அடி.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"காலையிலேர்ந்து இங்க இருந்தது நீங்க மட்டும்தான், மாரப்பண்ணே. கொஞ்சம் எந்திரிங்க" என்றார் செயலாளர் குப்புராஜ்.

எழுந்தேன். என் டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ரப்பர் துண்டும் சொல்யூஷனும்தான் இருந்தன. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கே, நிழல் களவு போவதற்குள், அதன் ஓரம் பிசகாமல் தரையில் முழுக்கக் கறுப்புத் தார் பெயின்ட் அடித்தார்கள். இலை இலையாக, அழகாகத்தான் அடித்தார்கள்.

"நிழலை எடுத்து வச்சாச்சு. இனி மரம் ரோட்டுக்கு இடைஞ்சல்" என்றார் தலைவர்.

"மரத்தை வெட்டினா நிழல் போயிடும்யா. நான் எங்க உக்கார்றது?" என்றேன்.

கேட்கவில்லை. வெட்டினார்கள். வெட்டியதும் தலைவர் தரையைக் காட்டினார்.

"போச்சாண்ணே?"

போகவில்லைதான். நாற்பது அடியும் அப்படியே கிடந்தது.

நண்பகலில் மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, நிழலில் இளைப்பாறப் போனார்கள். போன வேகத்தில் துள்ளிக்கொண்டு திரும்பினார்கள்.

"நிழல் ஏன் சுடுது?" என்றார் பொருளாளர் வேதமுத்து.

குப்புராஜ் வெகுநேரம் யோசித்தார். "வெயில் நேரா அதுமேல விழுது. திறந்து போட்டா எந்த நிழல்தான் கெடாது?"

வீட்டுக்கு ஓடி ஆளுக்கொரு குடை கொண்டுவந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் நிழலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிழலின்மேல் நின்றார்கள். மூன்று முகத்திலும் ஒரு தெளிவு.

"இப்ப எப்படி இருக்கு?"

"குளுகுளுன்னு இருக்கு, தலைவரே."

தலைவர் என் பக்கம் திரும்பினார். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்து, மொட்டை வெயிலில், நான் அவருடைய சைக்கிளுக்கே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏண்ணே வெயில்ல கெடந்து சாகுறீங்க? கடைய நம்ம நிழலுக்கு மாத்திக்கங்க" என்றார். "வரும்போது மறக்காம ஒரு குடை எடுத்துட்டு வந்துடுங்க."