கூரை உச்சியில் சிம்மாசனம்

வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் மலைநாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்குப் பேர் என்ன தெரியுமா? வெயிலுகந்தார்! வெயில் என்பது அவர் பேரில் மட்டும்தான் இருந்தது.

அவர் சபையில் சிங்காரம் என்று ஒருவர். ராஜாவுக்குப் பேச்சுத்துணையாக இருப்பதுதான் உத்தியோகம். வாய்த்துடுக்கு அதிகம், மனசு தங்கம். அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு ஒரே கவலை, வீட்டுக் கூரை. கல் ஓடுகள் விரிசல் விட்டு, பார்த்த இடமெல்லாம் ஒழுகியது. சொட்டுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்து வைத்து, ரசம் வைக்கக்கூடப் பாத்திரம் மிச்சமில்லை.

"மேலே ஏறி நாலு ஓடு மாத்துறதுக்கு என்னவாம்?" என்றாள் மனைவி வடிவு.

"ஏறினா நாடு கடத்திடுவாங்களேடி!"

உண்மைதான். முதல் பனி விழுந்த சமயம், ராஜா தெருவில் போய்க்கொண்டிருந்தார். யாரோ ஒருவன் கூரைமேல் நின்று பனியைத் தள்ள, ஒரு கட்டி தொப்பென்று கிரீடத்தின்மேல் விழுந்தது. கூட வந்த தலைமை மந்திரி மார்த்தாண்டருக்குக் கொண்டாட்டம்.

"அரசர் தலைக்கு மேலே குடிமகன் காலா? அடுக்குமா?" என்று குதித்தார்.

அன்றே சட்டம் வந்தது. அரசர் தலைக்கு மேலே எவர் காலும் இருக்கக் கூடாது. மீறினால் நாடு கடத்தல். மாடி வீட்டுக்காரர்கள் மூட்டையோடு கீழே இறங்கினார்கள். கூரையில் நடந்த பூனையைப் பிடிக்க நாலு வீரர்கள் ஓடினார்கள். பாதி ஏணியில் சட்டம் நினைவு வந்து, இறங்கி நின்று அண்ணாந்தே அதை மிரட்டினார்கள்.

பனி மட்டும் சட்டத்துக்குப் பயப்படவில்லை. கூரைகளில் மலைபோல் ஏறி உட்கார்ந்தது. அடுப்புச் சூட்டில் அடிப்பனி உருகி, கூரை ஓரத்தில் மறுபடி உறைந்து, வடிய வழியில்லாத தண்ணீர் வீட்டுக்குள் இறங்கியது. ஊரே குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டது. கடைசியில் அரண்மனையிலும் சொட்டியது, மகாராணியின் தலையணையில்.

ராஜா சபையைக் கூட்டினார். "பெரும்பனி வருவதற்குள் கூரையைப் பிரித்து மாற்றியாக வேண்டும்!"

"அப்படியானால் சட்டத்தை எடுத்துவிடலாமே, அரசே" என்றார் சிங்காரம்.

"அரசர் சொன்ன சொல்லை மாற்றுவதா?" மார்த்தாண்டர் மீசையைத் தடவினார். சிங்காரத்தை ஒழித்துக்கட்ட அவர் ரொம்ப நாளாகக் காத்திருந்தார். "சட்டமும் உடையக் கூடாது, கூரையும் மாற வேண்டும். நம் சிங்காரம் கெட்டிக்காரர், அவரே செய்யட்டும். முடியாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் போகட்டும்."

"அதுவும் சரிதான்" என்றார் ராஜா.

மலைக்கு அந்தப் பக்கம் இதைவிடக் குளிர். சிங்காரம் ராத்திரி முழுக்கச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டபடி புரண்டார். மறுநாள் காலையில் பெரிய ஏணியோடும் கூரைத் தச்சர்களோடும் அரண்மனை வாசலில் நின்றார்.

"ஏறுங்கள், அரசே."

"யார்? நானா?"

"தங்கள் தலைக்கு மேலே யார் காலும் இருக்கக் கூடாது. தங்கள் தலையே உச்சிக்குப் போய்விட்டால் இவர்கள் கால் எல்லாம் கீழேதானே! அதோடு இவ்வளவு உயரத்தில் எந்த ராஜா கொலு வீற்றிருக்கிறார்?"

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். சிம்மாசனத்தைக் கூரை முகட்டில் கயிறு போட்டுக் கட்டினார்கள். ராஜா ஏறி உட்கார்ந்து, செங்கோலை நீட்டி, "ம், ஆகட்டும்!" என்றார். தச்சர்கள் பனியைத் தள்ளினார்கள், பழைய ஓடுகளைப் பிரித்தார்கள், புது ஓடுகளை அடுக்கினார்கள்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் காற்று கிளம்பியது. ராஜாவின் மீசை விறைத்தது.

"சிங்காரம், நான் இறங்குகிறேன்!"

"தாராளமாக, அரசே. ஆனால் தாங்கள் ஏணியில் கால் வைத்ததும் மேலே இருக்கிற அத்தனை பேரும் குற்றவாளி. எல்லோரையும் நாடு கடத்திவிட்டால் பாதிக் கூரையை யார் மூடுவது?"

"அச்ச்!" என்றார் ராஜா. தும்மலில் சிம்மாசனம் ஒரு முழம் சறுக்கியது. நாலு தச்சர்கள் தாங்கிப் பிடித்தார்கள்.

வேலை முடிந்து, பொழுது சாயும்போது ராஜாவை விறைத்த பனிக்கட்டியாக இறக்கினார்கள். நாலு கணப்புச் சட்டிக்கு நடுவே வைத்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அப்பாடா! முடிந்தது!"

"அரண்மனை முடிந்தது, அரசே. நாளைக்குக் குயவர் வீடு. அப்புறம் கொல்லர் தெரு, சந்தைத் தெரு... எல்லா வீட்டு முகட்டிலும் தாங்கள் ஒருமுறை எழுந்தருளினால் போதும்."

ராஜா நடுங்கிவிட்டார். "சட்டத்தை நீக்குங்கள்! இப்போதே!"

மார்த்தாண்டர் விடுவாரா? "அரசே, தங்கள் சொல்..."

சிங்காரம் பணிவாகக் குறுக்கிட்டார். "மந்திரி சொல்வதும் நியாயம்தான். அரசர் இல்லாத இடத்தில் அவருக்குப் பதில் தலைமை மந்திரிதானே? ஊர் முகடுகளில் எல்லாம் இனி இவரே உட்காரட்டும்."

மார்த்தாண்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பனி பெரிய பெரிய பூக்களாக விழுந்துகொண்டிருந்தது.

"யோசித்துப் பார்த்தால்," என்றார் அவசரமாக, "அந்தச் சட்டம் அப்படி ஒன்றும் நல்ல சட்டம் இல்லை, அரசே!"

அந்த நிமிஷமே சட்டம் போயிற்று. ஊரெல்லாம் ஏணி எழுந்தது.

ராஜா கம்பளிக்குள்ளிருந்து சிங்காரத்தை முறைத்தார். "ஏனய்யா, மந்திரியை உட்கார வைக்கலாம் என்று முதலிலேயே தெரியுமல்லவா? என்னை ஏன் ஏற்றினாய்?"

"மந்திரி ஏறியிருந்தால் கூரை மட்டும்தான் மாறியிருக்கும், அரசே" என்றார் சிங்காரம். "ஊர்க் கூரை அத்தனையும் ஒழுகியபோது அசையாத சட்டம், தங்கள் மூக்கு ஒன்று ஒழுகியதும் ஓடியே போய்விட்டதே!"

ராஜா சிரித்தார். சிரிப்பு நடுவில் தும்மினார். தும்மி முடித்து மறுபடி சிரித்தார். போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றிச் சிங்காரத்தின் தோளில் போட்டார். உடனே குளிர் தாங்காமல் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, "உனக்கு இதைப்போல் வேறு நாலு தரச் சொல்கிறேன்" என்றார்.